கிழச் செம்பனையைச் சாய்த்த பிறகு என்ன? மண்ணுயிரை வைத்து ஓர் ஒப்பீடு

ஜோகூர் மாநிலத்து ரெங்கம் பக்கத்தில் மூன்று, நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இப்போது ஒரே கேள்விதான். தொண்ணூறுகளில் நட்ட மரங்கள் இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டன. குலை எங்கோ உயரத்தில் தொங்குகிறது. வெட்டுக்கு ஆள் கூப்பிட்டால், அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூலியை ஏற்றிச் சொல்கிறார்கள், இல்லையென்றால் வருவதே இல்லை. மரத்தைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். சாய்த்த பிறகு?

டீக்கடையில் உட்கார்ந்தால் மூன்று யோசனைகள் காதில் விழும். எஸ்டேட் செய்கிற மாதிரியே நிலத்தைச் சுத்தமாக வழித்து, உழுது, மருந்து அடித்து, மறுபடி செம்பனை நடுவது ஒன்று. செம்பனைதான், ஆனால் உழாமல், மூடுகொடி (தரையை மூடிப் படரும் பயறு இனக் கொடி) போட்டு, மருந்தையும் உரத்தையும் குறைத்து நடுவது இன்னொன்று. செம்பனையே வேண்டாம், எம்.டி.2 ரக அன்னாசி போட்டால் ஒன்றேகால் வருடத்தில் காசு என்பது மூன்றாவது. மிளகாயைப் பையில் வளர்க்கும் ஃபெர்டிகேஷனும் உண்டு. அதில் கீழே பிளாஸ்டிக், பையில் தேங்காய் நார்த்தூள், குழாயில் உரத்தண்ணீர். மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாரும் இவற்றை வெள்ளி (ரிங்கிட்) கணக்கில்தான் ஒப்பிடுகிறார்கள். நான் மண்ணுக்குள் இருக்கும் உயிர்களை வைத்து ஒப்பிடப் போகிறேன். மண்புழு மேல் உள்ள இரக்கம் அதற்குக் காரணம் இல்லை. மண்ணுயிர் சும்மா செய்து கொடுக்கும் வேலையை அது செய்யாமல் போனால், நாம் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட வேண்டும். 2021, 2022இல் உர விலை தாறுமாறாக ஏறியபோது சிறு தோட்டக்காரர்கள் பட்ட பாடு மறந்திருக்காது. அதனால் இதுவும் கடைசியில் வெள்ளிக் கணக்குதான், கொஞ்சம் நீளமான வெள்ளிக் கணக்கு.

முதலில் நம் மண்ணைப் பற்றி. தீபகற்ப மலேசியாவில் கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண் வகைகளில் மிகப் பரவலான ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ரெங்கம் தொடர். ஆழமான, மஞ்சள் கலந்த பழுப்பு மண். வேர் இறங்க இடம் உண்டு, தண்ணீர் நன்றாக வடியும். குறை என்னவென்றால் புளிப்பு அதிகம், பி.எச் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கும். போட்ட சத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் இந்தக் களிமண்ணுக்குக் குறைவு. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடத்தில், சத்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் மேல் ஒரு சாண் மண்ணில் இருக்கும் மக்குதான் (மக்கிப்போன இலைதழை). அந்த மக்கை உண்டாக்குவதும் உள்ளே இழுத்துக் கலப்பதும் மண்புழு, மரவட்டை, கறையான், பூஞ்சை இதுகளின் வேலை. ஆகவே வளமான கரிசலிலோ வண்டலிலோ மண்ணுயிரை இழப்பதை விட இங்கே இழப்பது அதிக நஷ்டம்.

தீவிர விவசாயம் இந்த உயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்க எங்கேயும் போக வேண்டாம். உங்கள் பழைய தோப்பில் ஒரே மரத்தைச் சுற்றி மூன்று விதமான நிலம் இருக்கிறது. மரத்தைச் சுற்றி வருடக்கணக்காகப் புல் மருந்து அடித்து, உரமும் கொட்டிய வட்டம் ஒன்று. தள்ளுவண்டியும் ஆளும் போய்ப் போய் இறுகிய வெட்டுப் பாதை இன்னொன்று. வெட்டிய மட்டைகளை அடுக்கி வைக்கும் வரிசை மூன்றாவது. மழை பெய்த மறுநாள் காலையில் மூன்று இடத்திலும் 25 சென்டிமீட்டர் நீள அகலத்துக்கு, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுரம் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்துப் பாருங்கள். வெப்பமண்டல மண் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இந்த அளவுதான். மட்டை வரிசைக்கு அடியில் மண் கறுத்து, பொலபொலவென்று, வேரும் புழுவும் பூச்சியுமாக இருக்கும். வட்டத்தில் மண் வெளுத்துக் கிடக்கும். பாதையில் மண்வெட்டி இறங்கவே முரண்டு பிடிக்கும். மழை, வெயில், மண் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான். பராமரிப்பு மட்டும் வேறு.

ஆனால் புழுவை எண்ணுவதோடு நின்றுவிட்டால் ஏமாந்து போவோம். இந்தப் பேச்சில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நம் செம்பனைத் தோப்பிலும் பழைய கித்தா (ரப்பர்) தோட்டத்திலும் தோண்டினால் அதிகம் கிடைக்கும் புழு ஊர்க்காரப் புழு இல்லை. பொன்டோஸ்கோலெக்ஸ் என்ற தென்னமெரிக்கப் புழு அது. வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும், வால் பக்கம் தொட்டால் சொரசொரக்கும், வறண்ட நாளில் மண்ணுக்குள் முடிச்சுப் போட்டமாதிரி சுருண்டு கிடக்கும். துணை இல்லாமலே முட்டை வைத்துப் பெருகும், ஆகவே நாற்றுப் பையோடு ஒன்று வந்தால் போதும். காட்டை அழித்த இடமெல்லாம் இதற்குச் சொந்த ஊர். புளிப்பு மண், மக்குக் குறைந்த மண் எதையும் தாங்கும்.

சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில், மழைக்காடு, கித்தா, செம்பனை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெர்மானியரும் இந்தோனேசியரும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2014இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, காட்டிலிருந்து செம்பனைக்கு வரும்போது சருகுக்குள் வாழும் சிறு பிராணிகளின் வகை, எண்ணிக்கை, மொத்த எடை எல்லாமே குறைந்தது 45% சரிகிறது. அதே இடத்தில் பின்னால் மண்ணையும் சேர்த்துப் பார்த்தபோது, தோட்டங்களில் மண்புழுவின் பங்கு காட்டை விடக் கூடியிருந்தது. அதாவது வேட்டையாடும் பூச்சிகளும் சருகு தின்னிகளும் போய், அந்த இடத்தை ஒன்றிரண்டு மண் தின்னிப் புழுக்கள் பிடித்துக்கொள்கின்றன. “எங்க தோப்புல புழு நெறைய இருக்கு, மண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால், என்ன புழு, அதோடு வேறென்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தப் புழு கெட்டது என்றும் முத்திரை குத்த முடியாது. தின்னச் சருகும் மக்கும் இருந்தால் மண்ணைக் குடைந்து காற்றும் தண்ணீரும் போக வழி செய்யும். தீனி இல்லாத இடத்தில்தான் வினை. பிரேசிலின் மனாவுஸ் அருகே காட்டைக் கனரக இயந்திரத்தால் வழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில், மற்ற மண் பிராணிகள் எல்லாம் அழிந்து இது மட்டும் பெருகியது. மழையில் அதன் எச்சம் களியாகி, காய்ந்து மேலே மூடியாகப் படிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் போனது. காட்டில் அந்த எச்சத்தை உடைத்து உதிர்க்க வேறு பிராணிகள் இருந்தன, மேய்ச்சல் நிலத்தில் இல்லை. நாம் எந்த வழியை எடுத்தாலும் இந்தப் புழு நம்மோடு இருக்கத்தான் போகிறது. அதற்குத் தீனியும், கூட வேறு உயிர்களும் இருக்குமா என்பதே மூன்று வழிகளையும் பிரிக்கிற கோடு.

எஸ்டேட் பாணிக்கு வருவோம். ஒரு விஷயத்தில் அதற்கு மரியாதை தர வேண்டும். சாய்த்த மரத்தை எரிக்காமல் துண்டாக்கி நிலத்திலேயே மக்க விடும் முறையை வளர்த்தெடுத்தது மலேசியப் பெருந்தோட்டங்களே. 1992இல் அதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருதும் கிடைத்தது. இப்போது திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி தப்பு. 2020இலிருந்து கட்டாயமாகிவிட்ட எம்.எஸ்.பி.ஓ (நீடித்த மலேசியச் செம்பனை எண்ணெய்) சான்றிதழும் அதை ஏற்காது. சாய்த்த மரங்களின் காய்ந்த எடை ஹெக்டேருக்கு 70, 80 டன் வரும், நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 30 டன். இருபத்தைந்து வருடத்தில் ஒரே தடவை மண்ணுயிருக்குக் கிடைக்கும் விருந்து இது.

விருந்து போட்டுவிட்டு விருந்தாளியை விரட்டுகிற கதையாக அடுத்த வேலைகள் நடக்கின்றன. எக்ஸ்கவேட்டர் நிலம் முழுக்க ஓடி இறுக்குகிறது. அப்புறம் உழவு. “அகல உழுவதை விட ஆழ உழு” என்று தாத்தாக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழமொழி, மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் காய்ந்த மண்ணுக்கு. நம் ஊரில் தண்ணீரை உள்ளே இறக்க உழ வேண்டியதில்லை, புழு வளையும் பழைய வேர் மக்கிய துளையுமே அதைச் செய்கின்றன. உழவு அந்த வளைகளை அறுக்கிறது, மக்கை வெயிலுக்குத் திறந்து வேகமாக எரித்துவிடுகிறது, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை நூல்களைத் துண்டாக்குகிறது. நாற்பது நாடுகளின் வயல் ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வந்த ஒரு தொகுப்பு, வழக்கமான உழவை விட உழாத நிலத்தில் மண்புழு எண்ணிக்கை சராசரியாக 137% அதிகம் என்று காட்டியது. அவற்றில் பல மிதவெப்ப நாட்டு தானிய வயல்கள், எண்ணை அப்படியே ரெங்கத்துக்குக் கொண்டுவர முடியாது. திசை மட்டும் இங்கேயும் அதுதான்.

உழுத பிறகு முளைக்கும் புல்லுக்கு மருந்து. பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை. முதுகில் தோம்பு மாட்டி அதை அடித்த நம் பெண்கள் பட்டது தனிக் கதை. இப்போது கிளைபோசேட்டும் குளுஃபோசினேட்டும். கிளைபோசேட் மருந்து மண்புழுவை நேரே கொல்லும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். வியன்னாவில் 2015இல் செய்த தொட்டி ஆய்வில், மருந்து அடித்த மூன்று மாதத்துக்குள் ஒரு வகைப் புழுவின் இனப்பெருக்கம் 56% குறைந்தது, இன்னொரு வகை மேலே வந்து எச்சம் போடுவது ஏறக்குறைய நின்றுபோனது. அவை ஐரோப்பியப் புழுக்கள். என் கணிப்பில் நம் தோப்பில் மருந்து செய்யும் பெரிய கேடு நஞ்சு அல்ல, பட்டினி. நிலம் முழுக்க வெறும் தரையானால் தின்ன எதுவும் விழாது, வெயில் மண்ணைச் சுடும், மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். நேரடி நஞ்சு என்று பார்த்தால் கார்பமேட் இனப் பூச்சிமருந்துதான் புழுவுக்கு எமன். இளஞ்செம்பனையில் கொம்பன் வண்டுக்குப் போட்டுவந்த கார்போஃபியூரான் குருணை அந்த இனம். 2023இல் விவசாயத்தில் தடை வந்துவிட்டது. பழைய ஸ்டோரில் பாதி டின் மிச்சம் இருந்தால் அதை எடுக்காதீர்கள்.

உரமும் இதில் உண்டு. அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து போட்டால் மண் புளிக்கும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வுப் பண்ணையில் 1856இலிருந்து நடந்துவரும் புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு இல்லாமல் இந்த உரம் மட்டும் வாங்கிவந்த பாத்திகளில் மண்புழுவே இல்லாமல் போய், செத்த புல் மக்காமல் மெத்தை மாதிரி மேலேயே படிந்து கிடக்கிறது. நம் மண் ஏற்கெனவே புளிப்பு, அதன் மேல் இதையும் சேர்க்கிறோம்.

ஒரு கேள்வி நியாயமாக வரும். எஸ்டேட்டுகள் இப்படித்தானே செய்கின்றன, குலை நன்றாகத்தானே வருகிறது? வருகிறது. மண்புழு விளைச்சலை எவ்வளவு கூட்டுகிறது என்று 2014இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சராசரி 25%. ஆனால் நைட்ரஜன் உரம் தாராளமாகப் போட்ட இடத்தில் அந்த லாபம் காணாமல் போகிறது. புழு முக்கியமாகச் செய்வது சருகிலும் மக்கிலும் பூட்டிக் கிடக்கும் நைட்ரஜனைத் திறந்துவிடுவதுதான், அதையே மூட்டையில் கொட்டினால் புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. எஸ்டேட் பாணி மண்ணுயிரின் இழப்பை உரத்தால் மறைக்கிறது. மறைக்க வசதி உள்ள கம்பெனிக்கு அது சரி. உர விலை ஏறும் வருடத்தில் மூட்டையைப் பாதியாகக் குறைக்கும் நம் ஆளுக்கு, உரமும் இருக்காது, புழுவும் இருக்காது.

இப்போது இரண்டாவது வழி. மரத்தைச் சாய்த்து, துண்டாக்கி, மெல்லிசாகப் பரப்பி, உழாமல், உடனே மூடுகொடி விதைப்பது. வரிசைக்கு நடுவில் நடக்க, உரம் போட ஒரு பாதையும், கன்றைச் சுற்றி ஒரு வட்டமும் மட்டும் கத்தியாலோ வெட்டு மெஷினாலோ சுத்தம். கித்தாக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான பியூராரியா, கலபகோனியம், சென்ட்ரோசிமா மூன்றையும் கலந்து விதைக்கலாம். கேரளத்துக் கித்தாத் தோட்டங்கள் வழியாகத் தொண்ணூறுகளில் இங்கே வந்த முக்குனா பிரக்டியாட்டா இன்னும் அடர்த்தி, நிழலையும் தாங்கும். விதை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவதால் விலை கூட.

இந்தக் கொடிகள் மண்ணுக்குச் செய்வது இரண்டு. நிலத்தைக் குளிர்ச்சியாக மூடி, தினமும் இலை உதிர்த்துத் தீனி போடுகின்றன. நைட்ரஜனும் பிடித்துத் தருகின்றன: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 150 கிலோ அளவுக்கு என்பது இங்கே மலேசியாவில் அளந்து சொன்ன கணக்கு. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவாக மாற்றினால் 50 கிலோ மூட்டை இரண்டரைக்கு மேல், அதுவும் முதல் சில வருடத்துக்குத்தான். நிழல் விழுந்ததும் கொடி தளர்ந்து, அந்த இடத்தைப் பெரணி பிடிக்கும். பெரணியைக் களை என்று நினைத்து மருந்து அடிக்காமல் விட்டால் மண்ணுக்கு அதுவே போர்வை.

மரம் காய்ப்புக்கு வந்த பிறகும் மருந்தைக் குறைப்பது கட்டுபடியாகுமா என்பதற்கு ஜாம்பியில் ஒரு நல்ல சோதனை நடந்தது. 2016இல் பதினாறு வயதைத் தாண்டிய ஒரு பெருந்தோட்டத்தில், மருந்துக்குப் பதில் மெஷினால் புல் வெட்டியும், நைட்ரஜனை ஹெக்டேருக்கு 260 கிலோவிலிருந்து 136 கிலோவாகக் குறைத்தும் நாலு வருடம் பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை, லாபம் கூடியது, அடிச்செடிகளின் வகையும் கூடியது. 2023இல் முடிவு வந்தது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: பல வருடம் உரம் தின்ற மண் அது, பழைய இருப்பு கைகொடுத்திருக்கலாம். இளங்கன்றுக்கு முதல் நாளிலிருந்தே உரத்தைப் பாதியாக வெட்ட அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

இந்த வழியின் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். அழுகும் மரத்தண்டில் கொம்பன் வண்டு முட்டை வைக்கும், வெளிவரும் வண்டு இளங்குருத்தைத் துளைக்கும். தண்டைக் குவித்து வைத்தால் வண்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. மெல்லிசாகப் பரப்பி, கொடி சீக்கிரம் மேலே படர்ந்தால் தொல்லை குறையும். மீதிக்குப் பெரோமோன் (வண்டை வாசனையால் இழுக்கும்) பொறியும், புழுப் பருவத்தைப் பிடிக்கும் மெட்டாரைசியம் பூஞ்சையும் இருக்கின்றன. அதுவும் ஒரு மண்ணுயிர்தான். கொடி கன்று மேல் ஏறும், முக்குனா என்றால் மாதா மாதம் இழுத்துவிட ஆள் வேண்டும். பாம்பு இருக்குமோ என்று வெட்டுக்காரர்கள் இறங்கத் தயங்குவார்கள். மில்லிலிருந்து பழம் உதிர்த்த காலிக் குலை வாங்கிப் போட்டால் மிக நல்லது. டன்னுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் பொட்டாஷ் உரத்துக்குச் சமம், புழுவுக்கும் தீனி. ஆனால் ரேம்ப்பில் (குலை வாங்கும் இடைத்தரகர் மையத்தில்) குலை விற்கும் நமக்கு மில்லோடு நேரடித் தொடர்பு இல்லை, மில்லே இப்போது அதை எரிபொருளாக்கிக் காசு பார்க்கிறது, லோரிக் கூலி வேறு. கிடைத்தாலும் ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும், குவித்தால் மறுபடி வண்டு.

எல்லாவற்றிலும் பெரியது கனோடெர்மா என்ற பூஞ்சையால் வரும் அடித்தண்டு அழுகல் நோய். பழைய தோப்பில் அடித்தண்டில் பலகை மாதிரிக் காளான் வந்து மரங்கள் சாய்ந்திருந்தால், “நான் மண்ணைக் கிளற மாட்டேன்” என்று பிடிவாதம் பிடிப்பது முட்டாள்தனம். அந்த மரங்களின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து உடைத்தே ஆக வேண்டும், புதுக் கன்றைப் பழைய குழியிலிருந்து தள்ளி நட வேண்டும். புழுவுக்காக நோயை வளர்க்க முடியாது. நோய் கண்ட இடத்தை மட்டும் தோண்டுங்கள், நிலம் முழுக்க வேண்டாம்.

அன்னாசிக்கு வந்தால், இந்த மூன்றில் மண்ணுயிருக்கு மிகக் கடுமையானது இதுதான், சந்தேகமில்லை. ரோட்டவேட்டர் போட்டு மண்ணைப் பொடியாக்கி, வெள்ளிப் பிளாஸ்டிக் விரித்து, ஏக்கருக்கு 17,000 கன்றுக்கு மேல் நெருக்கி, வரிசை நடுவில் புல் முளைக்காமலே தடுக்கும் மருந்து. பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரம் இருக்கும், ஆனால் சருகு எதுவும் விழாது. சரிவான நிலத்தில் வரிசையை மேலிருந்து கீழாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடையில்தான். இதை விட முக்கியமாக நான் பார்ப்பது இடைவெளி. செம்பனையில் மண்ணைப் புரட்டுவது இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை, அடி விழுந்தாலும் ஆற நேரம் இருக்கிறது. அன்னாசியில் பதினைந்து மாதத்துக்கு ஒரு தடவை. ஓடி ஒளிந்த உயிர் திரும்பி வருவதற்குள் அடுத்த ரோட்டவேட்டர்.

ஆனால் செம்பனைக் கன்று முதல் காய்ப்புக்கு வர மூன்று வருடம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவு? அன்னாசிக்காரர்களிடம் இருக்கும் உண்மையான வாதம் இது. அதற்கு ஒரு நடுவழி உண்டு: செம்பனையை நட்டு, முதல் இரண்டு வருடம் வரிசைகளுக்கு நடுவில் ஒன்று விட்டு ஒன்றில் மட்டும் அன்னாசியோ வாழையோ போட்டு, மற்ற வரிசைகளைக் கொடிக்கு விடுவது. பிளாஸ்டிக் வேண்டாம். அறுப்பு முடிந்ததும் அன்னாசி இலையை வெட்டி அங்கேயே போட்டால் அதுவும் தீனி. கொடியின் நைட்ரஜன் கணக்கு பாதியாகும், கைச்செலவுக்குக் காசு வரும். எனக்குக் கட்டுபடியான சமரசமாகத் தெரிவது இதுதான்.

ஆக, என் தேர்வு இரண்டாவது வழி. கையிருப்பு இல்லாதவர்களுக்கு அதோடு இந்த ஊடுபயிர். முழு நிலத்தையும் வழித்து உழுவதற்கு நாலு ஏக்கர்க்காரருக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் முதல் மூன்று வருடத்துத் தரைதான்: விதை, கொடி இழுக்கும் ஆள், வண்டுப் பொறி. மரம் வளர்ந்த பிறகு மட்டையை வரிசையாக அடுக்குவதும், உரத்தை வட்டத்தில் கொட்டாமல் அந்த மட்டை வரிசை மேல் தூவுவதும் செலவே இல்லாத வேலைகள். வேரும் புழுவும் அங்கேதான் இருக்கின்றன. மாடு வைத்திருப்பவர்கள் ஐந்தாறு வயதுத் தோப்பில் மாற்றி மாற்றி மேய விட்டால் புல் மருந்துச் செலவு குறையும், சாணி வண்டுகளும் வரும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் மண் இறுகும். எஸ்டேட்டில் மாடு வளர்த்து நிர்வாகத்தோடு காலமெல்லாம் சண்டை போட்டவர்களுக்குச் சொந்த நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கோழிச்சாணியைப் பச்சையாகக் கொட்டாதீர்கள். சூடும் அம்மோனியாவும் புழுவை விரட்டும், ஈ மொய்க்கும். மக்க வைத்துப் போடுங்கள். மண்புழு உரக்காரரிடம் கிலோ கணக்கில் புழு வாங்கித் தோப்பில் விடுவதும் வீண். அது சாணியில் வாழும் புழு, ரெங்கம் மண்ணில் நிற்காது. தீனி இருந்தால் இருக்கிற புழுவே பெருகும்.

நிலத்தை அன்னாசிக் குத்தகைக்கு விடத் தீர்மானித்துவிட்டவர்களும் இருப்பார்கள். வயதான பெற்றோர், பிள்ளைகள் சிங்கப்பூரில், வேறு வழி இல்லை. புரிகிறது. அப்படியானால் ஒப்பந்தத்தில் சில வரிகளை எழுத்தில் சேருங்கள்: வரிசை சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும், இரண்டு அறுப்புக்கு மேல் கூடாது, என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்ற விவரம் உங்கள் கைக்கு வர வேண்டும், முடிந்ததும் பிளாஸ்டிக்கைக் கிழிசல் உட்படச் சுருட்டி எடுத்துப் போக வேண்டும், கடைசி அறுப்பின் இலையை எரிக்காமல் நிலத்திலேயே பரப்பி, மூடுகொடி விதையைத் தூவிய பிறகே வைப்புப் பணம் திரும்பும்.